ராங்லர் என்றால் சண்டைக்காரரா?

ஆங்கிலம்–தமிழ் அகராதிப் பதிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். பத்தாவது படிக்கும் என் மகள் பள்ளிக் கணித மன்றத்துக்காக ராமானுஜன் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அதில், ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டியைப் பற்றி இப்படி ஒரு வரி: "ஹார்டி 1898-ல் கேம்பிரிட்ஜின் நான்காவது சண்டைக்காரர்." சிரித்துவிட்டேன். எங்கே பிடித்தாய் என்று கேட்டால், உங்கள் அகராதியைத் திறந்து நீட்டுகிறாள். ராங்லர்: சச்சரவு செய்பவர், சண்டைக்காரர். அவ்வளவுதான், வேறு பொருளே இல்லை.

கேம்பிரிட்ஜில் கணிதப் பட்டத் தேர்வில் முதல் வகுப்பு வாங்குபவர்தான் ராங்லர். அவர்களில் முதல் ஆள் சீனியர் ராங்லர். தொடக்கத்தில் அங்கே எழுத்துத் தேர்வு கிடையாது. மாணவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டும், மற்றவர்கள் லத்தீனில் மடக்கி மடக்கிக் கேட்பார்கள். வாதாடித் தேறியவர் என்பதால் அந்தப் பெயர். பிறகு எல்லாம் தாளில் எழுதுவதாக மாறியது, பெயர் மட்டும் போகவில்லை. தேறியவர்களில் கடைசி ஆளுக்கு மரக்கரண்டி கொடுத்துக் கலாய்க்கும் வழக்கமும் இருந்தது. 1909-ல் தர வரிசை நின்றபோது கொடுத்த கடைசிக் கரண்டி படகுத் துடுப்பில் செய்தது, ஒரு மீட்டருக்கு மேல் நீளம்!

1899-ல் ரகுநாத் பராஞ்சபே சீனியர் ராங்லர் ஆனார். அந்த இடத்தைப் பிடித்த முதல் இந்தியர். ஊர் திரும்பிய பிறகும் அவர் 'ராங்லர் பராஞ்சபே'தான். உங்கள் அகராதிப்படி அவரை எப்படிக் கூப்பிடுவது?

ராங்கிள் என்ற வினைச்சொல்லுக்கு நீங்கள் தந்த 'சச்சரவிடு' சரிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேரையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'ரிங்' இதற்கு உறவுக்காரச் சொல். நம் ஊரிலும் பேச்சு முற்றினால் "ரெண்டு பேரும் முறுக்கிக்கிட்டு நிக்கிறாங்க" என்றுதானே சொல்கிறோம்?

அப்புறம், அமெரிக்கப் பண்ணைகளில் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவரும் ராங்லர்தான். ஜீன்ஸுக்குப் பெயர் கொடுத்தவர் அவர். அது மெக்சிகோ ஸ்பானியச் சொல்லிலிருந்து திரிந்தது என்பார்கள். அதைத் தனிப் பதிவாகப் போடுங்கள், இதோடு கலக்க வேண்டாம்.

மகள் கட்டுரையைத் திருத்திவிட்டாள். வீட்டுப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் சரியான பொருளையும் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த பதிப்பில் அச்சிலேயே வரட்டும்.

அன்புடன்,
உங்கள் அகராதியைத் தினமும் புரட்டும் ஒருவன்