துணைக்கேள்வி கேளுங்க அண்ணே: எங்க தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம்

அன்புள்ள எம்.பி. அண்ணனுக்கு,

வணக்கம். போன மாசம் நம்ம ஊர்ல ரேஷன் கடை புதுக் கட்டடம் திறக்க வந்திருந்தீங்க, அப்ப கூட்டத்துல முண்டியடிச்சு வந்து ஒரு மனு குடுத்தேனே, அது நான்தான். அந்த மனுவுல ரோடு கேக்கல, தண்ணி டேங்க் கேக்கல. பார்லிமெண்ட்ல டிஃபன்ஸ் மினிஸ்டர்கிட்டயும் ஃபைனான்ஸ் மினிஸ்டர்கிட்டயும் நீங்க கேள்வி கேக்கணும்னு எழுதியிருந்தேன். நீங்க நின்னு படிச்சீங்க, அதுக்கே நன்றி. படிச்சிட்டு, "அதெல்லாம் டெல்லி விஷயம்மா, பெரிய ஆளுங்க பாத்துப்பாங்க, நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு என்ன வேணும்னு சொல்லு"ன்னீங்க. கோவமா சொல்லல, அன்பாத்தான் சொன்னீங்க, ஆனா வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அதே வார்த்தை மனசுல ஓடிட்டே இருந்துது. அதான் எழுதறேன்.

எங்க அப்பா ஆர்மில ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்கு மாசாமாசம் வர்ற காசு அவரோட பென்ஷன், அது டிஃபன்ஸ் பட்ஜெட்ல இருந்து வருது. அந்தக் காசுலதான் அம்மா பேர்லயும் என் பேர்லயும் எல்.ஐ.சி. கட்டினாங்க, அது நிதி அமைச்சகம் பாக்கற கம்பெனி. ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் திருத்தம் வந்தப்ப அப்பாவோட அரியர்ஸ் ஒரு பேங்க் கிளையில மாசக்கணக்கா மாட்டிக்கிச்சு, நானும் அவரும் போய்ப் போய் நின்னோம், ஒவ்வொரு தடவையும் மேலருந்து ஆர்டர் வரலன்னாங்க. மேலன்னா எங்க அண்ணே? அந்த மேலே இருக்கறவங்க முன்னாடி எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுங்கன்னு கேக்கற உரிமை நம்ம ஊர்ல ஒரே ஒருத்தருக்குத்தான் இருக்கு, அது நீங்க.

எங்க ஊர் மாதிரி எத்தனையோ ஊர் இருக்கு. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே கூப்பிடுவாங்க, தலைமுறை தலைமுறையா பட்டாளத்துக்குப் பசங்களை அனுப்பற ஊரு. 2020 ஜூன் 15 ராத்திரி லடாக் எல்லையில கல்வான்ல சீனாக்காரங்களோட நடந்த மோதல்ல செத்துப்போன 20 பேர்ல நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருத்தர், அப்புறமா வீர் சக்ரா குடுத்தாங்க. டிஃபன்ஸ் டெல்லி விஷயம்னு சொல்றப்ப எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வருது.

இப்ப ஒரு பழைய கதை சொல்றேன், உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும் பொறுமையா படிங்க, ஏன்னா இதுலதான் நான் சொல்ல வந்தது எல்லாமே இருக்கு.

1956 செப்டம்பர் 1ம் தேதி 245 இன்சூரன்ஸ் கம்பெனிங்களையும் சொசைட்டிங்களையும் ஒண்ணா சேத்து எல்.ஐ.சி. ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷம்கூட ஆகல, 1957 ஜூன்ல ஹரிதாஸ் முந்த்ராங்கற கல்கத்தா வியாபாரியோட ஆறு கம்பெனி ஷேரை எல்.ஐ.சி. வாங்குது, கிட்டத்தட்ட ஒண்ணேகால் கோடி ரூபாய்க்கு. அந்தாளோட கம்பெனிங்க தள்ளாடிட்டு இருந்த நேரம். எல்.ஐ.சி.க்குன்னு ஒரு முதலீட்டுக் கமிட்டி இருந்துச்சு, அதுகிட்ட கேக்கவே இல்ல. பாலிசி கட்டின சாதாரண ஜனங்களோட காசு அது. இது முதல்ல வெளிய கசிஞ்சதும் சபையில ஒரு கேள்வியாதான் வந்துச்சு. அரசாங்கம் சுத்தி வளைச்சு பதில் சொல்லிச்சு. சாதாரணமா அதோட முடிஞ்சிருக்கணும், எத்தனையோ கேள்வி அப்படித்தான முடியுது. ஆனா ரேபரேலி எம்.பி. ஃபெரோஸ் காந்தி விடல. அவர் ஆளுங்கட்சிக்காரர், அதுக்கும் மேல பிரதமர் நேருவோட மாப்பிள்ளை. 1957 டிசம்பர் 16ம் தேதி எந்திரிச்சு, இவ்வளவு பெரிய விஷயம் நடக்கறப்ப வாய மூடிட்டு இருக்கறதே குத்தம்ங்கற மாதிரி ஆரம்பிச்சு, எந்தக் கம்பெனி, எத்தனை ஷேர், என்ன விலை, எல்லாத்தையும் கணக்கோட அடுக்கினார். கையில பேப்பர் இருந்துச்சு அண்ணே, அதான் முக்கியம். மந்திரி சொன்னதுக்கும் பேப்பர்ல இருந்ததுக்கும் நடுவுல இருந்த இடைவெளியைச் சபை முன்னாடி காட்டினார்.

அந்த நிதி மந்திரி யாருன்னா நம்ம மெட்ராஸ்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அப்புறம் பம்பாய் ஹைகோர்ட் சீஃப் ஜஸ்டிஸ் சாக்ளாவை வெச்சு ஒரு நபர் கமிஷன், விசாரணையைத் திறந்த வெளியில ஜனங்க கேக்கற மாதிரி நடத்தினார், சில வாரத்துல ரிப்போர்ட்டே குடுத்துட்டார். கீழ இருக்கற செயலாளர் செஞ்சதுக்கும் மந்திரிதான் பொறுப்புன்னு எழுதினார். 1958 பிப்ரவரில டி.டி.கே. ராஜினாமா பண்ணிட்டார், அந்த வருஷ பட்ஜெட்டை நேருவே படிக்க வேண்டியதாப் போச்சு. நியாயத்துக்குச் சொல்லணும், டி.டி.கே. திறமையான ஆள், பின்னாடி திரும்பவும் நிதி அமைச்சரா வந்தார். அவரைக் குறை சொல்றதுக்காக இதை எழுதல. ஒரு எம்.பி. பதிலைக் கேட்டுட்டு உக்காராம அடுத்த கேள்வி கேட்டார், அதுலருந்து என்னென்ன ஆச்சுன்னு காட்டத்தான் எழுதறேன்.

இன்சூரன்ஸ் காசாச்சே, கேக்கலாம், ராணுவத்தை எப்படி கேக்கறது, ரகசியமாச்சேன்னு தோணும். 1962ஐ பாருங்க. சண்டை நடந்துட்டு இருக்கு, சீனா உள்ள வந்துருச்சு, அப்ப நவம்பர் 8ம் தேதி பார்லிமெண்ட்டைக் கூட்டினாங்க. கதவைச் சாத்திட்டு ரகசியமா பேசலாம்னு ஒரு எம்.பி. கேட்டார், நேரு வேணாம்னுட்டார். ஒரு வாரம் திறந்த சபையில பேசினாங்க, 165 பேர் பேசினாங்க. குளிருக்குத் துணி இல்லாம, நல்ல துப்பாக்கி இல்லாம ஜவான்களை மலை மேல ஏன் அனுப்பினீங்கன்னு பிரதமர் முகத்தைப் பாத்து கேட்டாங்க. ராணுவ மந்திரி கிருஷ்ண மேனன் அதுக்கு முன்னாடியே போயாச்சு, அவரைப் போக வெச்சதுல ஆளுங்கட்சி எம்.பி.ங்களோட கோவத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. லடாக் பக்கம் நம்ம இடம்னு நாம சொல்ற அக்சாய் சின்ல சீனாக்காரன் ரோடு போட்டு முடிச்சது 1957ல, நம்ம அரசாங்கம் சீனாவுக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பினது 1958 அக்டோபர்ல, சபைக்கு அதைச் சொன்னது 1959 ஆகஸ்ட்ல. எம்.பி.ங்க விடாம நெருக்கின பிறகுதான் கடிதங்களை எல்லாம் வெள்ளை அறிக்கையா வெச்சாங்க. அந்த நடுவுல போன மாசங்கள்ல சபைக்குத் தெரிஞ்சிருந்தா என்ன கேட்டிருப்பாங்கன்னு அப்பா இன்னிக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்.

அப்பாவும் நானும் கேள்வி நேரத்தை டிவில பாப்போம், அதனால கொஞ்சம் முறை தெரியும். உங்களுக்கு நான் சொல்லித் தரல அண்ணே, நீங்க புதுசுங்கறதால ஞாபகப்படுத்தறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மக்களவையில ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி லிஸ்ட்ல வரும், குலுக்கல்ல. 230 கேள்விக்கு எழுத்துல பதில் வரும். 15 நாளைக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்திருக்கணும். எழுத்துல வர்ற பதில் அதிகாரி எழுதறது, அதுல ஒரு கமாவைக்கூட நீங்க அசைக்க முடியாது. நட்சத்திரக் கேள்வின்னா மந்திரியே எந்திரிச்சு சொல்லணும், கேட்டவருக்கு ரெண்டு துணைக்கேள்வி உண்டு. அந்தத் துணைக்கேள்விக்குத்தான் மந்திரி கையில இருக்கற தாளைத் தாண்டி பேசணும், அங்கதான் உண்மையில அவங்களுக்கு விஷயம் தெரியுமா தெரியாதான்னு தெரியவரும். 20 கேள்வியும் ஒரே நாள்ல முடிஞ்சது 2019 நவம்பர் 27ம் தேதி, அதுக்கு முன்னாடி 1972ல. அவ்வளவு அபூர்வம். அதனால உங்க பேர் மேல வந்துச்சுன்னா தயவுசெஞ்சு அன்னிக்கு சபையில இருங்க. கேள்வி குடுத்த எம்.பி. ஆளே இல்லாம சபாநாயகர் அடுத்த பேரைக் கூப்பிடறதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இன்னொண்ணு, கேள்வில போடற ஒரு வார்த்தை பதிலையே மாத்திடும். 2020 செப்டம்பர்ல மாநிலங்களவையில உள்துறைகிட்ட எல்லையில ஊடுருவல் பத்தி ஒரு கேள்வி. கடந்த ஆறு மாசத்துல இந்திய சீன எல்லையில ஊடுருவல் எதுவும் பதிவாகலன்னு எழுத்துல பதில் வந்துச்சு. கல்வான் நடந்து மூணு மாசம் ஆயிருக்கு! ஊடுருவல்ங்கற வார்த்தையை அவங்க தீவிரவாதிங்க நுழையறதுக்கு வெச்சிருக்காங்க, பட்டாளம் எல்லை தாண்டறதுக்கு வேற வார்த்தை, அதனால அதிகாரி எழுதினது அவர் அகராதிப்படி சரி. ஆனா படிக்கிற எங்களுக்கு? பக்கத்துல ஒருத்தர் எந்திரிச்சு "அப்ப அத்துமீறல் எத்தனை?"ன்னு கேட்டிருந்தா அந்தப் பதில் நிக்காது. அந்தக் கூட்டத்தொடர்ல கொரோனான்னு சொல்லி கேள்வி நேரத்தையே எடுத்துட்டாங்க, எழுத்துக் கேள்வி மட்டும்தான், துணைக்கேள்விக்கு வழியே இல்ல. ராணுவ மந்திரி மக்களவையில லடாக் பத்தி அறிக்கை படிச்சார், அங்க யாரும் விளக்கம் கேக்க முடியல.

பிரான்ஸ்கிட்ட வாங்கின ரஃபேல் போர் விமானத்தோட விலையும் அப்படித்தான். 2016 நவம்பர்ல ஒரு இணை அமைச்சர் மக்களவையில ஒரு விமானம் சுமாரா 670 கோடின்னு எழுத்துல சொல்லிட்டார். 2018 பிப்ரவரில அதே அமைச்சகம் பிரான்சோட ஒப்பந்தம் இருக்கு, விலை விவரம் சொல்ல முடியாதுன்னுச்சு. வாங்கினது சரியா தப்பாங்கற சண்டைக்குள்ள நான் போகல, சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கைத் தள்ளுபடி பண்ணிருச்சு. ஆனா ஒரு தடவை சொன்னது எப்படி அப்புறம் ரகசியம் ஆகும்னு கேக்கற இடம் சபைதான். எது ரகசியம்னு மந்திரி மட்டும் முடிவு பண்ணக்கூடாது, குறைஞ்சது ஏன் ரகசியம்னு காரணமாவது சொல்ல வைக்கணும்.

நிதி பக்கம் ஒழுங்கா கேட்டா எவ்வளவு கிடைக்கும்னு பாருங்க. 2023 ஆகஸ்ட்ல ஒரு கேள்விக்கு வந்த பதில்லதான், 2014-15ல இருந்து ஒம்போது வருஷத்துல பேங்க்குங்க 14.56 லட்சம் கோடி வராக்கடனை ரைட் ஆஃப் பண்ணியிருக்காங்கன்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சுது. ரைட் ஆஃப்னா பேங்க் தன் கணக்குப் புத்தகத்துலருந்து எடுக்கறதுதான், தள்ளுபடி இல்ல, வசூல் தொடரும்னு அமைச்சகம் சொல்லுது, அது உண்மைதான். வசூல் எவ்வளவுன்னா அதே பதில்ல ரெண்டு லட்சம் கோடி சொச்சம். இந்த ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல வந்ததால தான் ஜனங்க கணக்குப் போட முடிஞ்சுது. எங்க தெருவுல நகைக்கடன் ஒரு தவணை தவறினாலே ஃபோன் மேல ஃபோன் வருது, அவங்ககிட்ட போய் இது டெல்லி விஷயம்னு எப்படிண்ணே சொல்றது?

பட்ஜெட் நேரத்துல இன்னும் மோசம். 2023ல 45 லட்சம் கோடி ரூபா பட்ஜெட், மக்களவையில விவாதமே இல்லாம கூச்சலுக்கு நடுவுல பாஸ் ஆச்சு. 2018லயும் அதே மாதிரி. கில்லட்டின்னு ஒரு முறை இருக்கே, நேரம் முடிஞ்சா அமைச்சகங்க செலவுக்குக் கேக்கற மிச்ச மானியக் கோரிக்கை எல்லாத்தையும் மொத்தமா வோட்டுக்கு விட்டுடறது. 2025-26க்கு டிஃபன்ஸுக்கு மட்டும் 6.81 லட்சம் கோடி, அதுல பென்ஷன் 1.60 லட்சம் கோடி, எங்க அப்பா காசும் அதுல ஒரு துளி. இவ்வளவு பெரிய தொகையை ஒரு மணி நேரமாவது உக்காந்து பேச வேணாமா? நம்ம தமிழ்நாட்டுல இருந்து போன இரா. செழியன் எழுபதுகளோட ஆரம்பத்துல அரசாங்கச் செலவுக் கணக்கை ஆராயற பொதுக்கணக்குக் குழுவுக்கே தலைவரா இருந்தார், கணக்குல அவர்கிட்ட தப்பிக்க முடியாதுன்னு அப்பா தலைமுறை இன்னும் பேசும். நம்ம ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல.

நீங்க எந்தக் கட்சி, எந்தக் கூட்டணின்னு இங்க எழுத மாட்டேன், எனக்கு அது முக்கியமும் இல்ல. ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சில உக்காந்துட்டுத்தான் கேட்டார்.

காசு வாங்கிட்டு கேள்வி கேட்டவங்களும் உண்டு, 2005 டிசம்பர்ல 11 எம்.பி.ங்களை அதுக்காக வெளிய அனுப்பினாங்க. அதையெல்லாம் பாத்து கேள்வின்னாலே வம்புன்னு ஒதுங்கிடாதீங்க.

நான் கேக்கச் சொல்றது மூணே விஷயம். நாலு வருஷத்துக்குப் பட்டாளத்துல ஆள் எடுக்கற அக்னிபத் திட்டத்துல ஆர்மியோட முதல் பேட்ச் 2023 ஜனவரில ட்ரெயினிங் ஆரம்பிச்சாங்க, நாலு வருஷம் முடிச்சு நூத்துல 75 பேர் வரைக்கும் வெளிய வருவாங்களே, அதுல தமிழ்நாட்டுப் பசங்க எத்தனை பேர், வேற வேலைக்கு எடுத்துக்குவோம்னு சொன்ன துறைங்க எத்தனை பேரை எடுத்தாங்க, துறை வாரியா. ரெண்டாவது, ஓய்வூதியத் திருத்தம் நிலுவைல இருக்கற முன்னாள் படைவீரங்க மாவட்ட வாரியா எத்தனை பேர், அதுல விதவைங்க எத்தனை பேர். மூணாவது, ரைட் ஆஃப் பண்ணின கடன்ல வருஷா வருஷம் வசூல் எவ்வளவு. "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது"ன்னு பதில் வந்தா விட்டுடாதீங்க, அது சபைக்குக் குடுத்த உறுதிமொழின்னு கணக்கு, மூணு மாசத்துல நிறைவேத்தணும், அதைப் பாக்கறதுக்குன்னே அரசு உறுதிமொழிக் குழு இருக்கு. தேதியைக் குறிச்சு வெச்சு அவங்களுக்கு எழுதுங்க. தமிழ்லயே கேளுங்க, மொழிபெயர்க்க ஆள் இருக்காங்க.

பஸ் ஸ்டாண்டும் வேணும்தான், கூரை ஒழுகுது, அதுக்கு வேற மனு குடுக்கறேன்.

குலுக்கல்ல உங்க பேர் வந்தா எந்தத் தேதின்னு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. அப்பாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல, காது நல்லா கேக்கும். பதினோரு மணிக்கு டிவியைப் போட்டு சத்தத்தைக் கூட்டி வெச்சு பக்கத்துல உக்காந்துக்கறேன்.

இப்படிக்கு,
உங்க தொகுதி வாக்காளர், ஹவில்தார் பொண்ணு