ஓகஸ்டில் கடல் இல்லை, அக்கா

அன்புள்ள அக்கா,

ஓகஸ்ட் விடுமுறையில் சபை நடத்துகிற பிள்ளைகள் பாசறையில் (வி.பி.எஸ்., விடுமுறை வேதாகமப் பாடசாலை), நீங்கள் இங்கே நின்றபோது வருடா வருடம் போன வெள்ளிக்கிழமைக் கடற்கரைப் பயணம் இந்த முறை இல்லை என்று நாங்கள் முகநூலில் போட்ட அறிவித்தலுக்குக் கீழே, "கடல் இல்லாத பாசறையா? பிள்ளைகள் பாவம்" என்று எழுதியிருந்தீர்கள். அழுகிற முகமும் போட்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு ஆளாளுக்கு வந்து அதையே எழுதினார்கள். அங்கேயே பதில் போட்டிருக்கலாம், ஆனால் நாலு வரியில் அடங்கிற கதையில்லை இது.

முடிவை எடுத்தது நான். போதகரும் செயற்குழுவும் சம்மதித்தார்கள், பேச்சைத் தொடங்கியது நான்தான். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன், சபை ஆக்களும் இதை வாசிப்பார்கள். உங்களை ஒரு வார்த்தை கேட்காததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், உங்கள் பேச்சைத் தட்ட ஏலாமல் நானும் விட்டிருப்பேன். அதற்காகவே கேட்கவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்த உங்களுக்குக் கடலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இதை வாசிக்கிற மற்ற சபைகளின் வாலிபர் தலைவர்களுக்காகச் சொல்கிறேன். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையில் அடிக்கிறது. உல்லாசப் பயணிகள் அந்த மாதங்களில் ஹிக்கடுவையை விட்டுக் கிழக்குக் கரையில் நிலாவெளிக்கும் அறுகம்குடாவுக்கும் போய்விடுகிறார்கள். பள்ளிக்கூட விடுமுறை ஓகஸ்டில் வருகிறது, ஆகவே கடலும் ஓகஸ்டில் அடங்கி இருக்கும் என்று நினைத்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அலை கொண்டுவந்து கரையில் குவிக்கிற தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். கீழே மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அதற்குள்ளால் ஒடுங்கி, வேகமாக வெளியே இழுக்கும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இராது, பார்க்கக் குளம் மாதிரி இருக்கும். "இங்கே அலை குறைவு, சின்னப் பிள்ளைகள் இங்கே நில்லுங்கோ" என்று நாங்கள் தெரிந்தெடுத்த இடங்கள் எப்படி இருந்தன என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். பள்ளம் போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடம் இருக்காது. நாங்கள் போகிற கல்கிசையில் 2020இல் மணல் கொட்டிக் கரையை அகலப்படுத்தினார்கள், அதில் நிறைய மணலைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது. உங்களுக்குத் தெரிந்த கரை இப்போது இல்லை.

இழுவையில் அகப்பட்டவர் கரையை நோக்கி நீந்தக் கூடாது, களைத்துப் போவார். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையை விட்டு வெளியே வந்தபிறகு திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாத பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லி என்ன பயன்? மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையைக் காட்டிக் கூப்பிடவும் மாட்டாது. மூச்செடுக்கவே வாய் போதாது, கை இரண்டும் தண்ணீரைக் கீழே அமத்திக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் விளையாடுகிறது என்று நினைப்பார்.

தண்ணீருக்குள் நிற்கிற நான்கு பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்த ஒரு பெரியவராவது வேண்டும் என்பது என் கணக்கு. நாற்பது பிள்ளைகளுக்குப் பத்துப் பேர். எங்களிடம் இருந்தது இரண்டு அங்கிள்மார், அதில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கல்கிசையில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் நிற்கிறார்கள், உண்மைதான். அவர்கள் முழுக் கரையையும் பார்க்க வேண்டியவர்கள், எங்கள் வரவுத்தாள் அவர்கள் கையில் இல்லை. வருடா வருடம் ஒன்றும் நடக்கவில்லையே என்பீர்கள். அந்தப் பின்னேரத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்களை நினைத்தால் எனக்குக் கடற்கரை ஞாபகம் வருவதில்லை. 2019 ஓகஸ்டில் கேற்றடியில் போட்ட மேசைதான் வருகிறது. ஏப்ரல் 21 தேவாலயக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முதல் வி.பி.எஸ். கொச்சிக்கடையும் கட்டுவாப்பிட்டியும் மட்டக்களப்புச் சீயோனும் எல்லாருடைய மனதிலும் இருந்தன. சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் என்பதால் அம்மாமார் பிள்ளையைக் கையிலிருந்து விடவே யோசித்தார்கள். பள்ளிக்கூடங்களில் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை கொண்டுவரச் சொன்ன காலம். நீங்கள் கேற்றில் நின்று ஒவ்வொரு பையையும் திறந்தீர்கள், சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்தீர்கள். ஒரு பெடியன் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தர மறுத்தான். பின்னால் வரிசை நீண்டது, யாரோ ஒரு அப்பா சத்தம் போட்டார். நீங்கள் உங்கள் கைப்பையை எடுத்து மேசையில் கவிழ்த்தீர்கள். குடை, சித்தாலேப தைலம், சீப்பு, பஸ் ரிக்கற், அரைவாசி தின்ற மாரி பிஸ்கற். "இப்ப அக்காட பாக்கை நீ செக் பண்ணு" என்றீர்கள். அவன் வடிவாகப் பார்த்தான், சித்தாலேபவைத் திறந்து மணந்தும் பார்த்தான். பிறகு தன் பெட்டியை உங்கள் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரித் திறந்தான். பாணும் சீனியும். நீங்கள் மூடிக் கொடுத்துவிட்டு, "ஓகே, போகலாம்" என்றீர்கள், வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வரும்போது அறிவித்தல் ஒட்டியிருந்தது: யாரும் சாப்பாடு கொண்டுவரத் தேவையில்லை, சபை தரும். காரணம் என்னவென்று குழுவுக்குக்கூட நீங்கள் சொல்லவில்லை. பாதுகாப்புக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அந்த மாதிரி ஒரு ஆள், அதே கிழமை வெள்ளிக்கிழமை, அதே பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் பருவக்காற்றுக் கடலில் விட்டீர்கள். சோற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்தவருக்குச் சிவப்புக் கொடி கண்ணில் படவில்லை. கோபத்தில் சொல்வதாக நினைத்தால் நினையுங்கள். குண்டுக்கு எல்லாரும் பயந்தோம், கடல் பழகிப்போயிருந்தது. உங்களுக்கு மட்டுமல்ல, சபைக்கே பழகிப்போயிருந்தது.

ஏப்ரலில் வையுங்கோ, அப்போது கடல் அமைதி என்று போனில் ஒருமுறை சொன்னீர்கள். கடல் அமைதிதான். ஆனால் பரிசுத்த வாரமும் உயிர்ப்புப் பண்டிகையும் பெரும்பாலும் அந்த விடுமுறையில்தான் வரும், பாட்டுக்குழுவில் நிற்கிறவர்களும் பாசறை நடத்துகிறவர்களும் ஒரே ஆக்கள். புதுவருடத்துக்கு அரைவாசிக் குடும்பங்கள் யாழ்ப்பாணமோ மலைநாடோ போய்விடும். போதாததற்கு ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நேரே தலைக்கு மேலே நிற்கும், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு இடியும் மின்னலும். திறந்த வெளியில் பிள்ளைகளை வைத்திருக்க அதைவிட மோசமான மாதம் இல்லை.

இனி என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8.30 தொடக்கம் 12.30 வரை, சபை மண்டபமும் முற்றமும். வெள்ளிக்கிழமை கடலுக்குப் பதில் முற்றத்தில் தண்ணீர் விளையாட்டு. நான்கு வாளி, குளிக்கிற ஸ்பொஞ்சை நாலாக வெட்டிய துண்டுகள், மறுமுனையில் கோடு கீறிய போத்தல்கள். நனைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பிழிய வேண்டும், எந்த அணியின் போத்தல் முதலில் கோட்டைத் தொடுகிறதோ அது வென்றது. தண்ணீர் பலூன் வேண்டாம் என்று விட்டோம், கிழிந்த ரப்பர் கானுக்குள் போய் அடைக்கும். மழைக்காலத்தில் சீமெந்துத் தரையில் பாசி பிடித்திருக்கும். இரண்டு நாளுக்கு முதலே குளோரின் தூள் போட்டுத் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். அன்று காலையில் கழுவினால் இன்னும் வழுக்கும், பிள்ளைகளின் காலும் எரியும். காலுறை ஒருவருக்கும் வேண்டாம், வெறுங்கால்.

முடிந்ததும் வாளி எல்லாம் கவிழ்த்து, ஸ்பொஞ்சைக் கொடியில் போட வேண்டும். கைவேலைக்குக் கொண்டுவரும் யோகட் கப்புகளும் அப்படித்தான். முற்றத்தில் ஒன்று கிடந்தால், மழைத்தண்ணீர் நின்று, ஒரு கிழமைக்குக் கொஞ்சம் கூடினால் நுளம்பு பறக்கும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் சபை என்று பார்க்கமாட்டார். பார்க்கவும் கூடாது.

கைவேலையில் பைண்டர் கம் ஓகஸ்ட் ஈரத்தில் காயாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. கடைசி நாளில் ஒட்டக் கொடுத்தால் பிள்ளை ஈரத்தோடு கொண்டுபோய் ஓட்டோ சீற்றில் ஒட்டிவிடும். ஒட்டுகிற வேலையைப் புதனோடு நிறுத்துகிறோம், வியாழன் பிரிஸ்டல் போர்ட்டில் வெட்டுவதும் நிறந்தீட்டுவதும்.

சாப்பாட்டை நீங்கள் தொடக்கியபடியே வைத்திருக்கிறோம். அறுபது பிள்ளைகளும் பதினைந்து பெரியவர்களும் என்றால் அரிசி ஒன்பது கிலோ, மைசூர்ப் பருப்பு ஒன்றரைக் கிலோ, கோழி ஏழரைக் கிலோ. பதிவில் நாற்பது பெயர் இருந்தால் இரண்டாம் நாள் அறுபது வரும், முதல் நாள் வந்த பிள்ளை மாமி மகளையும் கூட்டிவரும். அதனால் 9.15க்கு வரவுத்தாளை எண்ணி, 9.30க்குத்தான் உலையில் அரிசி. கோழி புதனில். வெள்ளியில் மரக்கறி மட்டும், பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்களின் அம்மாமார் நம்பி அனுப்புகிறார்கள். புதனில் போயா (பௌர்ணமி விடுமுறை) விழுந்தால் முதல் நாளே வாங்கி உறையவைக்க வேண்டும், அன்று இறைச்சிக்கடை திறக்காது. ஆடிவேல் தேர் வரும் நாளில் காலி வீதியில் பஸ் நகராது, அந்த நாளை முதலே பார்த்து விலத்துகிறோம்.

வாசலில் இப்போதும் மேசை இருக்கிறது. பை பார்ப்பதோடு இன்னொன்றும் செய்கிறோம். பெற்றோர் தரும் அட்டையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைப் பிள்ளையின் கோப்பில் வைக்கிறோம். மறுபாதியைக் கொண்டுவருபவரிடம் மட்டுமே பிள்ளையை விடுவோம், வழமையான ஓட்டோ அண்ணாவாக இருந்தாலும். எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, அம்புலன்ஸுக்கு 1990, இரண்டும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டியிருக்கிறது. இதைப் போட்டபோது "எங்கட சபையிலுமா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அதற்கு மேல் எழுதவில்லை.

நீங்கள் 2022இல் போனதைப் பற்றி நான் ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. பெற்றோல் வரிசைக்குள் நின்ற யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். ஆனால் அலுமாரிச் சாவியை வாசல்காரரிடம் கொடுத்துவிட்டு, விமான நிலையத்திலிருந்து வட்ஸ்அப் போட்டீர்களே, அது எனக்கு இன்னும் சரியாகப்படவில்லை. ரொறன்ரோவிலிருந்து அழுகிற முகம் போடுவது சுகம், அக்கா. இங்கே கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைப் பொறுப்பெடுப்பது நாங்கள். ஆனாலும், புதுப் பிள்ளை ஒன்று வாசலில் அழுதுகொண்டு நின்றால், நானும் என் பையைத்தான் கவிழ்க்கிறேன். பழக்கிவிட்டது நீங்கள்.

எல்லாரும் பார்க்கிற இடத்தில் இனி எழுதவேண்டாம், எனக்குத் தனியாக எழுதுங்கள், எவ்வளவு கோபமாகவும் எழுதுங்கள். அதோடு ஒரு விஷயம்: பெரிய அலுமினியக் கிடாரத்தை யாருக்கு இரவல் கொடுத்தீர்கள்? அலுமாரியிலும் இல்லை, குசினியிலும் இல்லை. பத்துக் கிலோ அரிசி வேகிற பாத்திரம் சபையில் அது ஒன்றுதான், திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி