பெரியவங்களுக்கு போன் வகுப்பு, ஞாயிறு காலை

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தோட்டத்து டிவிஷன் தாத்தா பாட்டிமாருக்கு வர்ற ஞாயிறு காலை 9.30 முதல் 11.30 வரை வாசிகசாலையில வகுப்பு. மழை பெய்தாலும் நடக்கும்.

1. போனை முழுசா சார்ஜ் போட்டு அனுப்புங்க. மூக்குக்கண்ணாடி கட்டாயம்.

2. முதல் நாள்: எழுத்தைப் பெருசாக்குறது, கொழும்புல இருக்கிற பிள்ளையோட வீடியோ கோல், 1990 இலக்கத்துல அம்புலன்ஸுக்கு கோல் அடிக்கிறது. லெப்டொப் அடுத்த வாரம்.

3. ஓ.டி.பி. (போனுக்கு மெசேஜ்ல வர்ற ரகசிய) இலக்கத்தை யாருக்கும் சொல்லக்கூடாதுங்கிறதுக்கு மட்டும் அரை மணித்தியாலம். போன மாசம் எங்க சித்தப்பா "பரிசு விழுந்திருக்கு"ன்னு வந்த கோலை நம்பி அந்த இலக்கத்தைச் சொல்லிட்டார். சேமிப்புப் பணம் போயிட்டு. ரெண்டு நாள் அவர் சாப்பிடவே இல்ல.

4. சொல்லிக் கொடுக்க இளம் பிள்ளைங்க 4 பேர் வேணும். போனை வாங்கி நீங்களே செஞ்சு காட்டாதீங்க, அவங்க கையாலேயே செய்யட்டும். கொழுந்து பறிச்சுக் காய்ச்சுப்போன விரல் திரையில சட்டுன்னு படாது. விரலை ஈரத்துணியில லேசா துடைச்சுட்டுத் தொடச் சொல்லுங்க.

வர்றவங்க பேரும் லய (லைன் வீட்டு) இலக்கமும் வெள்ளி இரவு 8 மணிக்குள்ள இங்கேயே போடுங்க. நடக்க முடியாதவங்க இருந்தா சொல்லுங்க, த்ரீவீல் ஏற்பாடு செய்றோம்.