ஷெட்லாந்து மட்டக்குதிரைக்குக் கஞ்சியும் தவிடும் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மட்டக்குதிரை வளர்ப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், ஷெட்லாந்து இனம் எதையும் தின்னும், யாரையும் சுமக்கும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. எதையும் தின்னும் என்பது உண்மை, ஆபத்தே அதில்தான். யாரையும் சுமக்கும் என்பது தவறு. குமரி மாவட்டத்தில் தோட்ட வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் இதை வாங்க விசாரிப்பவர்கள் இருப்பதால் எழுதுகிறோம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, மரம் அதிகமில்லாத, உப்புக்காற்று ஓயாத தீவுகள் இதன் பூர்வீகம். குளிர்காலத்தில் புல் தீர்ந்தால் கரையில் ஒதுங்கும் கடற்பாசியைத் தின்று பிழைத்த இனம். தோள்மேட்டில் அளந்தால் உயரம் 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 28 அங்குலத்திலும் உண்டு. கட்டைக் கால், அகன்ற மார்பு, குளிருக்கு இரட்டை அடுக்கு ரோமம். அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண்ணை, முதுகின் இருபுறமும் கூடை தொங்கவிட்டு வீட்டுக்குச் சுமந்து வந்தது இதுதான். நைலான் தங்கூசி வருவதற்கு முன்பு அத்தீவு மீனவர்கள் இதன் வால் மயிரைத் திரித்துத் தூண்டில் கயிறு செய்தார்கள்.

1842-ல் பிரிட்டனில் வந்த சட்டம், பெண்களையும் 10 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறக்கத் தடை போட்டது. தாழ்ந்த கூரையின் கீழ் நிலக்கரி வண்டி இழுக்க இந்தக் குள்ளக் குதிரைக்குக் கிராக்கி ஏறியது. நல்ல ஆண் குதிரைகளெல்லாம் சுரங்கத்துக்குப் போனதில் தீவிலிருந்த இனம் நலிந்தது. 1870களில் நிலக்கரிச் சுரங்க முதலாளியான லண்டன்டெரி பிரபுவின் பண்ணை, ஷெட்லாந்தைச் சேர்ந்த பிரெஸ்ஸே, நாஸ் தீவுகளில் எலும்பு கனத்து உடல் தரையோடு தாழ்ந்த குதிரைகளையே பொறுக்கி இனம் பெருக்கியது. வம்சாவளிப் பதிவேட்டுக்கான சங்கம் 1890-ல் வந்தது. சுரங்கக் குதிரை வழக்கம் 1990கள் வரை பிரிட்டனில் நீடித்தது.

ஆக, இழுவைக்கென்றே உருவான உடல் இது. முதுகுச் சுமைக்கு வேறு கணக்கு. 200 கிலோ எடையுள்ள குதிரைக்கு, சேணத்தையும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோதான் எல்லை. பள்ளிப் பிள்ளை ஏறலாம். உடன் வந்த மாமா ஏறக் கூடாது. வண்டியில் பூட்டினால் மார்புப்பட்டை தோள்மூட்டுக்கு மேலும் மூச்சுக்குழலுக்குக் கீழும் இருக்க வேண்டும். தாழ்ந்தால் முன்னங்கால் வீச்சு தடைபடும், உயர்ந்தால் மூச்சு முட்டும்.

தீனிதான் பெரிய சிக்கல். அரைப்பட்டினியில் வாழப் பழகிய உடலுக்குச் சோறும் கஞ்சியும் கொட்டினால் குளம்புக்குள் வீக்கம் வரும். குளம்பு கொதிக்கும், கணுக்காலின் பின்புறம் நாடி துள்ளும், முன்னங்காலை நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். அப்போது நடக்க வைக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். இதைப் பார்த்துப் பயந்து ஒரேயடியாகப் பட்டினி போடுவது இன்னும் மோசம். உடற்கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துக் கொன்றே விடும், சினைக் குதிரையென்றால் கேட்கவே வேண்டாம். 200 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 3 கிலோ காய்ந்த புல்லை மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டு, கல்லுப்பும் நல்ல தண்ணீரும் வையுங்கள்.

மாட்டுக்கு வளர்க்கும் நேப்பியர் வகைத் தீவனப்புல்லையே குதிரைக்கும் போடுகிறார்கள். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே தவிடும் போனால், அதன் மிகுதியான பாஸ்பரஸ் சேர்ந்து எலும்பு கரைந்து முகம் புடைக்கும். மாடு தாங்கும், குதிரை தாங்காது. கடற்கரையில் மணலில் தீனி கொட்டினால் மணல் குடலில் தங்கி வயிற்றுவலி வரும். தொட்டியில் போட்டாலே போதும்.

நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது. ரோமத்தை வெட்டிவிட்டு, காலை 9 மணிக்குள்ளும் மாலை 4-க்குப் பிறகும் மட்டும் வேலை வாங்கலாம். இரண்டு பருவமழையிலும் தொழுவம் சேறானால் குளம்பின் அடிப்பாகம் அழுகி நாறும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட ஆள் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

வாங்கும்போது குனிந்து குளம்பைப் பாருங்கள். அதிலுள்ள வளையங்கள் முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தால் முன்பே குளம்பு வீங்கிய குதிரை. விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்போர் சிலர்,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்.