சைக்கிளுக்கும் கேன்ட் உண்டு, மாப்ளே

கார்டிஃப்,
ஞாயிறு இரவு

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பிஸியோதெரபி பையன் சொல்வதைக் கேட்டு நட. கேங்மேன்களை விரட்டின மாதிரி அவனை விரட்டாதே.

"மகள் வீட்டில் உட்கார்ந்து என்னத்தைப் பார்க்கிறாய், ரயிலா, மழையா?" என்று கேட்டிருந்தாய். மழையைத் தினமும் பார்க்கிறேன். ரயிலை விட, ரயில் போய்விட்ட தடத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். மருமகனுக்கு மவுன்டன் பைக் பைத்தியம். சனிக்கிழமை விடிந்தால் காருக்குப் பின்னால் இரண்டு சைக்கிளை மாட்டிக் கிளம்பிவிடுவார். எனக்கு ஒரு பேட்டரி சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொடுத்து, "மாமா, நீங்கள் பழைய ரயில் பாதையிலேயே ஓட்டுங்கள், சமமாக இருக்கும்" என்றார். பெர்மனென்ட் வேயில், தண்டவாளப் பராமரிப்பிலேயே முப்பத்தைந்து வருஷம் கிடந்தவனிடம் ரயில் பாதை சமமாக இருக்கும் என்கிறார். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன்.

இங்கே கிராமத்துக்குக் கிராமம் இப்படிப் பாதைகள் கிடப்பதற்கு 1963-ல் வந்த ஓர் அறிக்கை பெரிய காரணம். பீச்சிங் என்பவர் ரயில்வே தலைவராக இருந்து எழுதியது. 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் லைனையும் மூடச் சொன்னார். எல்லாம் அப்படியே நடந்துவிடவில்லை. ஆனால் பெரும்பகுதி நடந்தது. நம் செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜை 2010-ல் நிறுத்தி 2018-ல் பிராட்கேஜாகத் திரும்ப ஓட்டினோம் இல்லையா, அந்த வழக்கம் இங்கே குறைவு. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள், மீதியில் செடி முளைத்தது. எழுபதுகளில் பிரிஸ்டலில் சில சைக்கிள்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கி, பாத் நகரம் வரைக்கும் ஒரு பழைய லைனைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். அந்த வேலை நாடு முழுக்கப் பரவிவிட்டது.

போன மாதம் டெர்பிஷயர் போயிருந்தோம். அங்கே ஒரு லைன், நீ பார்த்தால் சிரிப்பாய். க்ராம்ஃபர்ட் அண்ட் ஹை பீக் ரயில்வே. 1830-31-ல் திறந்தது, 33 மைல். இரண்டு கால்வாய்களை இணைக்க வேண்டும், நடுவில் மலை, அங்கே கால்வாய்க்குத் தண்ணீர் கிடையாது. அதனால் ரயில் போட்டார்கள். ஆனால் யோசனை பூராவும் கால்வாய்க்காரன் யோசனை. கால்வாயில் நீண்ட தூரம் மட்டமாகப் போய், ஓரிடத்தில் மடை மடையாக ஏறுவார்களே, அதே மாதிரி இங்கேயும் மட்டம், மட்டம், அப்புறம் செங்குத்தாக ஒரு சரிவு. மிடில்டன் சரிவில் எட்டடி போனால் ஓரடி ஏறும். மேலே ஓர் இன்ஜின் வீடு, அதிலிருந்து கயிறு போட்டு வேகனை இழுத்தார்கள். 1829-ல் செய்த அந்த நீராவி இன்ஜின் இன்னும் அங்கேயே நிற்கிறது. கயிறு 1963 வரைக்கும் ஓடியிருக்கிறது! அந்தச் சரிவில் எனக்குப் பேட்டரியும் உதவவில்லை. இறங்கித் தள்ளினேன். அந்தக் காலத்துப் பயணிகளும் சரிவு வந்தால் இறங்கி நடந்தார்களாம். இத்தனை வருஷம் கழித்து ஒரு பயணி கூடினான் என்று வைத்துக்கொள்.

அதே லைனில் கீழே ஷீப் பாஸ்ச்சர் என்று இன்னொரு சரிவு. 1888-ல் வேகன்கள் அறுத்துக்கொண்டு ஓடி, கால்வாயையும் பக்கத்து ரயில் பாதையையும் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தன. அதற்குப் பிறகு சரிவின் கீழே ஒரு குழி வெட்டினார்கள். ஓடிவரும் வண்டி அதில் விழட்டும் என்று. நம் கேட்ச் சைடிங்கேதான் மாப்ளே, மணல் மேட்டுக்குப் பதிலாகக் குழி. எட்டிப் பார்த்தேன். விழுந்த வேகன் ஒன்று இன்னும் உள்ளே துருப்பிடித்துக் கிடக்கிறது. பக்கத்தில் நின்ற பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். நேற்றுப் போனது ஆவன் பள்ளத்தாக்கு. தென் வேல்ஸ், போர்ட் டால்பட் பக்கம் உள்ளே திரும்ப வேண்டும். அந்த ஊர் இரும்பு உருக்காலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் அணைந்துவிட்டது. எழுத்தில் 'அஃபான்' மாதிரி இருக்கும், சொல்வது ஆவன். இவர்கள் மொழியில் ஒற்றை எஃப் வந்தால் வ. அங்கே ஓர் ஊருக்குக் கம்மர் என்று பெயர். இரண்டு ஆறு சேரும் இடம் என்று அர்த்தம். நம் ஊரில் கூடல் என்போமே, அதே. ஆறு மட்டுமல்ல, ரயிலும் அங்கேதான் கூடியது. அந்தக் குறுகின பள்ளத்தாக்கில் மூன்று கம்பெனிகள் போட்டி போட்டு லைன் போட்டிருக்கின்றன. அதில் ஒன்று இன்ஜினியர் புருனெல் திட்டமிட்டது, ஏழடி கேஜ். எல்லாம் நிலக்கரிக்காக. இப்போது ஒரு லைனும் இல்லை. ஸ்டேஷனில் இருந்த சிற்றுண்டி அறை மட்டும், ரயில் நின்ற பிறகும் அதே பெயரில் மதுக்கடையாக நடந்தது.

பாதை எப்படி இருந்தது என்று கேட்பாய். அருமை. அலைன்மென்ட், லைன் போன கோடு, மாறவே இல்லை. கண்ணை மூடினாலும் தெரிகிறது, இது ரயில்காரன் போட்ட வளைவு, ரோட்டுக்காரன் போட்டதல்ல. மலையை வெட்டி லைன் போட்ட ஒரு கட்டிங்கில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓரத்துச் செடியை விலக்கிப் பார்த்தேன். பழைய கல் வடிகால், பாசி பிடித்து, ஒரு கல்கூட நகராமல் இருக்கிறது. அதில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ரயில் போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எந்த மேஸ்திரி கட்டினானோ! நம் பகவதிபுரம் கட்டிங்கில் ஒவ்வொரு ஐப்பசிக்கும் வடிகால் தூர்வார நாம் பட்ட பாடு ஞாபகம் வந்தது.

மருமகன் போனது மேலே, காட்டுக்குள். அந்தக் காடும் நிலக்கரியோடு ஒட்டின கதைதான். முதல் உலகப் போரில் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம் இல்லாமல் திண்டாடி, 1919-ல் இதற்கென்று ஒரு வனத்துறையை ஏற்படுத்தினார்கள். மலை மலையாக ஊசியிலை மரம் நட்டார்கள். மரம் வளர்ந்து ஆளானபோது சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்தன. பிற்பாடு லார்ச் மரங்களுக்கு ஒரு நோய் வந்து ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். அங்கங்கே மலை மொட்டையாகத் தெரிகிறது. அந்தக் காட்டுக்குள்தான் சைக்கிள் தடங்கள். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் கஷ்டத்தைப் பிரித்திருக்கிறார்கள். ஒரு சிவப்புத் தடத்துக்கு 'வைட்ஸ் லெவல்' என்று பெயர். லெவல் என்றால் இங்கே மலைப்பக்கத்தில் படுக்கையாகக் குடைந்த சுரங்கம். மற்றபடி அந்தத் தடத்தில் லெவலான இடம் ஒரு முழம்கூடக் கிடையாது.

மதியத்துக்கு மேல் எனக்கும் ஆசை வந்து ஒரு நீலத் தடத்தில் ஏறினேன். சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு எப்போதும் புத்தி கொஞ்சம் மட்டு, உனக்குத் தெரியும். மாப்ளே, அதைப் போட்டவன் நம் ஆள்தான், சந்தேகமே இல்லை. வளைவில் வெளிப்பக்கம் மண்ணும் கல்லும் கொட்டி உயர்த்திச் சாய்த்திருக்கிறான். பெர்ம் என்கிறார்கள். நாம் வளைவில் கொடுக்கும் கேன்ட்டேதான்! பிராட்கேஜில் நாம் வெளித் தண்டவாளத்தை 165 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கக்கூடாது என்று டேப்போடு அலைந்தோம். இவர்கள் சுவர் மாதிரி நிறுத்துகிறார்கள். சின்னக் குழந்தைகள் அதில் பக்கவாட்டில் சாய்ந்து விர்ரென்று போகிறார்கள். மருமகன், "மாமா, வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள், முன்னாடியே பிடித்துவிட்டு விட்டுவிடுங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினார். மூன்றாவது வளைவில் பயத்தில் பிடித்துவிட்டேன். அந்தச் சாய்வுக்கு வேண்டிய வேகம் இல்லை. சைக்கிள் உள்பக்கமாக வழுக்கி, நான் சேற்றில். கேன்ட் எக்ஸஸ், வேகத்துக்கு மிஞ்சின சாய்வு! டிரெய்னிங் ஸ்கூலில் கேங்மேட்களுக்கு நானே வகுப்பு எடுத்த பாடம். முழங்கை சிராய்ப்புதான், வேறு ஒன்றும் இல்லை. மகளிடம் சொல்லவில்லை, நீயும் போனில் உளறிவைக்காதே.

விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே தடத்தைப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் தண்ணீருக்கு வழி. இறக்கம் நீளமாக ஒரே வீச்சில் போகாது. இடையிடையே சின்னதாக ஓர் ஏற்றம் வைத்து, அதற்கு முந்தின பள்ளத்தில் தண்ணீரை ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். தடமே பள்ளத்தாக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. செங்குத்தான இடத்தில் கல்லை நெட்டுக்குத்தாக நட்டு இறுக்கியிருக்கிறார்கள், கையால். வடக்கு வேல்ஸில் கோய்ட் அ பிரெனின் என்ற காட்டில்தான் தொண்ணூறுகளில் இந்த நாட்டிலேயே முதன்முதலாக இப்படி மவுன்டன் பைக்குக்கென்றே தடம் போட்டார்களாம். மழைக்கும் டயருக்கும் சேர்த்துத் தாங்கவேண்டும் என்றால் வேறு வழியில்லை. ஏற்றத்தைக் குறைக்க நாம் உயிரை விட்டோம், இவர்கள் ஏற்ற இறக்கத்தைத் தேடி வருகிறார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம். பாக்கி எல்லாம் அதே வேலை, அதே மண்வெட்டி.

திரும்பும்போது மருமகனைக் கெஞ்சி ப்ளைன்க்வின்வி என்ற ஊருக்கு வண்டியை விடச் சொன்னேன். அங்கேதான் ரோண்டா சுரங்கத்தின் மேற்கு வாய். இதைப் பற்றி உனக்கு எழுதவேண்டும் என்றுதான் கடிதமே ஆரம்பித்தேன், முழங்கை நடுவில் வந்துவிட்டது.

ரோண்டா பள்ளத்தாக்கு நிலக்கரி எல்லாம் கார்டிஃப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே நெரிசல். ஸ்வான்சீக்காரர்கள் அதில் ஒரு பங்கைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். நடுவில் மலை. 1885-ல் குடையத் தொடங்கி 1890 ஜூலை 2-ல் திறந்தார்கள். நீளம் 3,148 மீட்டர். நம் ஆரியங்காவு சுரங்கத்தில் ட்ராலியில் போகும்போதே பாதியில் உனக்கு மூச்சு முட்டும், இது மூன்று கிலோமீட்டருக்கு மேல், ஒற்றை லைன், தலைக்கு மேல் முந்நூறு மீட்டர் மலை. அந்த நீராவிப் புகையை நினைத்துப் பார்.

பீச்சிங் இந்தச் சுரங்கத்தை மூடவில்லை. மலை மூடியது. சுற்றிலும் நிலக்கரி எடுக்க எடுக்க மேலே இருந்த பாறை இறங்கி, சுரங்கச் சுவர் பிதுங்க ஆரம்பித்திருக்கிறது. இரும்பு வளைவுகளை முட்டுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1968 பிப்ரவரியில் தற்காலிகமாக நிறுத்தம் என்று சொல்லி பஸ் விட்டார்கள். 1970 டிசம்பரில் நிரந்தரம் என்றார்கள். எந்த நிலக்கரிக்காகக் குடைந்தார்களோ, அதை எடுத்ததிலேயே கெட்டது. 'தற்காலிகமாக' என்று போட்டு, ரயிலை மெதுவாக ஓட்டச் சொல்லி நாம் எத்தனை காஷன் ஆர்டர் எழுதியிருப்போம்!

போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் வாயை மண் கொட்டி மூடிவிட்டார்கள். புல் முளைத்த மேடு, சுற்றி வீடுகள், யாரோ ஒருவர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். நான் பழக்கதோஷத்தில் அலைன்மென்ட்டைக் கண்ணால் நீட்டிப் பார்த்தேன். கட்டிங் இப்படி வந்தால் வாய் சரியாக என் காலுக்குக் கீழே, ஆழத்தில். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மருமகன் பொறுமையாகத்தான் இருந்தார், பாவம், குளிரில்.

2014-ல் உள்ளூர்க்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கி, இதைத் திறந்து நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடவேண்டும் என்று கேட்டுவருகிறார்கள். திறந்தால் ஆவன் பக்கமிருந்து ரோண்டாவுக்கு மலையைச் சுற்றாமல் போய்விடலாம். செலவுதான் தடை. இன்னொரு வேடிக்கை, இங்கே கைவிட்ட ரயில் பாலம், சுரங்கம் பலவற்றையும் பராமரிப்பது நெடுஞ்சாலைக்காரர்கள்! உள்ளே அந்த இரும்பு வளைவுகள் எந்த நிலையில் இருக்கும், தண்ணீர் எங்கே வடிகிறது என்றுதான் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். சுவர் பிதுங்கின இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? யோசித்து எழுது. உனக்கும் கட்டிலில் வேறு வேலை இல்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ஆவன்தான். கை வளைத்தால் வலிக்கிறது, ஆனால் அந்த மூன்றாவது வளைவை நான் விடப்போவதில்லை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பார்சல் அனுப்பினால் அந்தப் பழைய மீட்டர்கேஜ் செக்‌ஷனின் கர்வ் டைரி உன் பெட்டியில் இருந்தால் அதையும் வை, மருமகனிடம் காட்டவேண்டும்.

உன்,
பழைய ட்ராலி கூட்டாளி