பொருள்: கேமரா சென்சாரில் ஹாட் பிக்சல் – வாரண்டியில் சரிசெய்ய மறுத்தது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடந்து சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். பில், ஜாப் ஷீட், கேமரா பதிவுசெய்த மூலப் படங்களான ரா ஃபைல்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இந்தத் தடவையாவது திறந்து பாருங்கள்.

இருட்டில் நீண்ட எக்ஸ்போஷர் வைத்தால் படம் முழுக்கச் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் புள்ளிகள். லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 1600-ல் 30 நொடி எடுத்தாலும் அதே இடத்தில் அதே புள்ளிகள். லென்ஸை மாற்றினேன், கார்டை மாற்றினேன், ஒன்றுகூட நகரவில்லை. இப்போது சாதாரண வீடியோவிலேயே சில மின்னுகின்றன. இது ஹாட் பிக்சல், அதாவது வெளிச்சம் படாமலே ஒளிர்கிற கெட்ட பிக்சல் என்று கேமரா செய்கிற உங்களுக்கே நான் சொல்லித் தர வேண்டுமா?

உங்கள் ஆட்கள் செய்தது என்ன? சென்சாரைத் துடைத்துக் கொடுத்தார்கள். அதற்குக் காசும் வாங்கினார்கள். தூசி என்றால் கருப்பாக, மங்கலாகத் தெரியும். எஃப் 16, எஃப் 22 என்று லென்ஸ் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கும்போதுதான் எடுப்பாகத் தெரியும். மூடி போட்ட இருட்டில் கலர் கலராக ஒளிர்கிற தூசியை நான் பார்த்ததில்லை. 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தீர்கள். அன்று ராத்திரியே எல்லாப் புள்ளிகளும் இடம் மாறாமல் இருந்தன.

கவுன்டரில் இருந்தவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "இவ்வளவு பெருசாக்கி யார் சார் பார்க்கப் போறாங்க?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தார். அப்புறம், "லேசர் ஷோ எடுத்திருப்பீங்க, வெயில்ல போட்டு வச்சிருப்பீங்க, வாரண்டி கிடையாது" என்றார். லேசர் பட்டால் கோடாகவோ திட்டாகவோ எரிந்த தடம் விழும். என் படங்களில் இருப்பது அங்கொன்றும் இங்கொன்றுமான தனிப் புள்ளிகள். சூடு ஏறினால் இவை பெருகும் என்பது உண்மைதான். சென்சாரின் இருள் மின்னோட்டம், அதாவது வெளிச்சம் படாதபோதும் அதில் ஓடும் மின்னோட்டம், ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி செல்சியஸுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனால்தான் கேமராவை மூடிய காரில் விடுவதில்லை, திரையில் நேரடிக் காட்சி காட்டும் லைவ் வியூவை வீணாக ஓட விடுவதில்லை. இணைத்திருக்கும் படங்களும் குளிர்ந்த ராத்திரியில் எடுத்தவை. "விமானத்தில் கொண்டுபோனீர்களா?" என்று கேட்டிருந்தாலாவது மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பேன். உயரத்தில் காஸ்மிக் கதிர்த் துகள்கள் சிலிக்கானைத் தாக்கிப் பிக்சலைக் கெடுப்பது நடக்கிற விஷயம். அது யார் தவறாகப் பயன்படுத்தியதால் வருவது?

போனில் பேசியவர், நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அதைப் போட்டால், 30 நொடி எடுத்த பிறகு கேமரா இன்னொரு 30 நொடி ஷட்டரை மூடி இருட்டுப் படம் எடுத்து, அதிலுள்ள புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கும். நட்சத்திரங்கள் நகரும் தடத்தைக் கோடுகளாகப் படம் எடுக்கிறவனுக்கு ஒவ்வொரு கோட்டிலும் இடைவெளி விழும். வீடியோவுக்கு அது உதவவே உதவாது.

இந்தச் சீசன் முழுக்கப் பாழாகிவிட்டது. "இந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்கு என்ன பேர்?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். என் பெயர், தொழில் எல்லாம் உங்களால் போயிற்று என்றே சொல்வேன்.

சரி, கேட்பது இதுதான். பிக்சல் மேப்பிங் செய்து கொடுங்கள். கெட்ட பிக்சலை ஒதுக்கி, பக்கத்துப் பிக்சல்களை வைத்து அந்த இடத்தை நிரப்பும் வேலை. சில நிமிடங்களில் முடியும். வேறு சில கேமராக்களில் அது மெனுவிலேயே இருக்கிறது. என் மாடலில் நீங்கள் தரவில்லை, உங்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது. அதன் பிறகும் புதுப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தால் சென்சாரை மாற்றித் தர வேண்டும். துடைத்ததற்கு வாங்கிய காசும் திரும்ப வர வேண்டும். அந்தக் கவுன்டர்காரர் பேசியதற்கு உங்கள் நிறுவனம் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. ஆனால் 15 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம்தான். ரா ஃபைல்களை அங்கே கொடுப்பேன். மறுபடி போன் செய்து சீரியல் நம்பர் கேட்க வேண்டாம், ஜாப் ஷீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்