மெல்போர்ன் கிரிக்கெட் கிளப் (எம்.சி.சி.) உறுப்பினர்களுக்கு: வரும் சீசன் பற்றி

அனைவருக்கும் வணக்கம். கோடை சீசன் நெருங்குகிறது. உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்காதவர்கள் தயவுசெய்து முடித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பல வருடங்கள் காத்திருந்து கிடைத்த இடம் இது. மறதியால் போய்விடக் கூடாது.

டிசம்பர் 26 பாக்ஸிங் டே டெஸ்ட் எப்போதும்போல நம் எம்.சி.ஜி.யில் (மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்) இருக்கும். ஆனால் என் மனம் முழுக்க 2027 மார்ச்சில்தான். உலகின் முதல் டெஸ்ட் ஆட்டம் 1877 மார்ச்சில் இதே மைதானத்தில் நடந்தது. அதில் இங்கிலாந்தை ஆஸ்திரேலியா 45 ரன்னில் வென்றது. 1977இல் நடந்த நூற்றாண்டு டெஸ்டிலும் அதே அணி, அதே 45 ரன்! இப்போது 150ஆம் ஆண்டுக்காக இரு அணிகளும் மறுபடி மோதுகின்றன, இந்த முறை விளக்கொளியில், பிங்க் பந்தில். பிள்ளைகளை அவசியம் கூட்டி வாருங்கள். இப்படியொரு ஆட்டத்தை வாழ்நாளில் ஒருமுறைதான் பார்க்க முடியும்.

அப்புறம், உறுப்பினர் பகுதிக்கு உடை விதி உண்டு. ரப்பர் செருப்பு, கிழிந்த ஜீன்ஸ் வேண்டாம். அங்குள்ள லாங் ரூம் என்ற உறுப்பினர் கூடத்தில் விதி இன்னும் கடுமை. ஆட்டம் பார்க்க வரும்போது சற்று முன்னதாக வந்தால் அதே பகுதியில் உள்ள நூலகத்தையும் பாருங்கள். பழைய கிரிக்கெட் நூல்கள் நிறைய உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடம்.

மார்ச்சில் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) சீசனும் தொடங்கிவிடும். அதன் இறுதிப் போட்டியான கிராண்ட் ஃபைனலுக்கு முழு உறுப்பினர்களுக்கு உள்ள உரிமை, கட்டுப்பாட்டு (restricted) உறுப்பினர்களுக்கு அப்படியே கிடையாது. உங்கள் அட்டை எந்த வகை என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

பாக்ஸிங் டே அன்று சேர்ந்து உட்கார விரும்புவோர் இங்கே பெயர் சொல்லுங்கள்.